என்ஜின் உங்க கால்தான் பாஸ்!

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கக் கிளம்புகிறவர்களின் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? பிரஷர் குக்கர், பருப்புப்பொடி, அம்மா கிண்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல், ரெண்டு செட் மூக்குக்கண்ணாடி, ஆறு மாசத்துக்குத் தேவையான தலைவலி மாத்திரை. எல்லாம் இருக்கும். அங்கே போய் இறங்கி, முதல் வருஷம் அசைன்மென்ட்டில் மூச்சுத் திணறி, ஒருவழியாகக் கோடை விடுமுறையும் வரும். அப்போதுதான் ரூம்மேட் காரேஜிலிருந்து பெரிய டோனட் மாதிரி ஒரு சமாச்சாரத்தை இழுத்துக்கொண்டு வந்து, ‘மீன் பிடிக்கப் போலாமா?’ என்பான்.

அந்த டோனட்டுக்குப் பெயர் ஃப்ளோட் ட்யூப்.

பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ‘அட, இது நம்ம லாரி ட்யூப் இல்ல?’ கரெக்ட். கிணற்றில் நீச்சல் பழகும்போது இடுப்பில் மாட்டிவிட்டார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. ஆரம்பத்தில் அமெரிக்காவிலும் லாரி டயரின் உள் ட்யூப்பைக் கான்வாஸ் துணியில் போர்த்தி, நடுவில் உட்கார ஒரு பட்டையைத் தொங்கவிட்டுத்தான் செய்தார்கள். இப்போது வருவது பெரும்பாலும் குதிரை லாட வடிவம். முன்பக்கம் திறந்திருக்கும், முதுகு சாய்ந்துகொள்ளலாம், சாண்ட்விச் வைக்கப் பாக்கெட்கூட உண்டு. ஆனால் அடிப்படை மாறவில்லை. நீங்கள் ட்யூப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். கால் ரெண்டும் தண்ணீருக்குள் தொங்கும். கை ரெண்டும் தூண்டிலில். மோட்டார் கிடையாது. துடுப்பு கிடையாது. உங்களை நகர்த்துவது உங்க காலும், காலில் மாட்டிய ஃபின்னும்தான்.

இந்த வாரம் தூண்டிலைப் பற்றிப் பேசப்போவதில்லை. மீனைப் பற்றியும் அதிகம் இல்லை. காலில் என்ன போடுவது என்பது மட்டும்தான் சப்ஜெக்ட். ‘போயும் போயும் செருப்பைப் பத்தி ஒரு பக்கமா?’ என்று பக்கத்தைப் புரட்டாதீங்க. தூண்டில் தப்பாக இருந்தால் மீன் கிடைக்காது, அவ்வளவுதான். ராத்திரி நூடுல்ஸ். ஃபின் தப்பாக இருந்தால் கரைக்குத் திரும்ப முடியாது.

எந்த ஊரில் இதெல்லாம் என்று கேட்பீர்கள். மான்டானா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே போஸ்மன் என்ற ஊரில் மான்டானா ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ‘டிரவுட் யூ’ என்றே செல்லப் பெயர். நூலகத்தில் டிரவுட், சால்மன் மீன்களுக்கென்றே தனியாக ஒரு புத்தகச் சேகரிப்பு வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். (நம்ம ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்களே, அந்த வானவில் டிரவுட்டேதான் அங்கேயும் ஹீரோ.) போஸ்மனிலிருந்து தெற்கே சுமார் 145 கிலோமீட்டர் போனால் வெஸ்ட் யெல்லோஸ்டோன். அதை ஒட்டி ஹெப்கென் ஏரி. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 2,000 மீட்டர் உயரம். கொடைக்கானலைவிடக் கொஞ்சம்தான் கீழே.

இந்த ஏரி ஃப்ளோட் ட்யூப்காரர்களுக்குக் கோயில் மாதிரி. கோடைக் காலையில் தண்ணீர் கண்ணாடி போல நிற்கும். கேலிபேட்டிஸ் என்றொரு பூச்சி கூட்டம் கூட்டமாகத் தண்ணீரில் விழும். பெரிய டிரவுட் மீன்கள் மேலே வந்து, நம்ம மெஸ்ஸில் பையன்கள் போண்டா சாப்பிடுகிற மாதிரி, வரிசையாக ஒவ்வொன்றாக ‘கபக்... கபக்...’ என்று விழுங்கிக்கொண்டே நகரும். விழுங்குகிற அந்தச் சத்தத்தை வைத்தே அவற்றுக்கு ‘கல்ப்பர்’ என்று பெயர். மீன் போகிற பாதையைக் கணித்து, அதற்கு முன்னால் தூண்டிலைப் போட வேண்டும். மீன் திசை மாறினால் நீங்களும் திரும்ப வேண்டும், சத்தமில்லாமல். இத்தனையும் காலால். அப்புறம் மதியம் நெருங்கும். மலை ஏரிகளில் காற்று கிளம்புகிற நேரம் அதுதான். கண்ணாடி உடையும். அலை எழும். காலையில் உங்களைத் தாலாட்டிய அதே ட்யூப், இப்போது காற்றுக்குப் பாய்மரம் மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் உங்க காலில் இருப்பது என்ன என்பதுதான் கேள்வி.

இப்போது ஒரு விஷயத்தை மனசில் பதிய வையுங்க. ஃப்ளோட் ட்யூப் பின்னால்தான் போகும். ரிவர்ஸ் கியர் மட்டுமே உள்ள வண்டி! நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முழங்காலை மடக்கி நீட்டிப் பாருங்க. பாதம் முன்னால் எழும்புகிறதல்லவா? தண்ணீருக்குள் அதைச் செய்தால் ஃபின்னின் மேல்பக்கம் தண்ணீரை முன்னே தள்ளும். நீங்கள் பின்னே போவீர்கள். ஒரு காலை மட்டும் அடித்தால் திரும்புவீர்கள். போகிற திசையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீச்சல் அடிப்பவனின் உதை வேறு. அவன் குப்புறப் படுத்து, இடுப்பிலிருந்து முழுக் காலையும் வீசி அடிக்கிறான். பெரிய தசை, நீளமான வீச்சு. அவனுக்கு நீளமான ஃபின் சரி. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். தொடை ட்யூப்பின் பட்டையில் அழுந்தியிருக்கும். மிச்சம் இருப்பது முழங்காலுக்குக் கீழேதான். ஒவ்வொரு உதையிலும் தண்ணீர் ஃபின்னின் நுனியைக் கீழே அமுக்கப் பார்க்கும். பாதம் கீழே மடங்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியது கணுக்காலும், முன்னெலும்பை ஒட்டிய தசையும். ஃபின் எவ்வளவு நீளமோ அவ்வளவு நெம்புகோல். பிளஸ் ஒன் ஃபிசிக்ஸ்தான். ‘பெருசா வாங்கினா வேகமாப் போலாம்’ என்று ஆளுயர ஃபின் வாங்கியவர் அரை மணி நேரம் சூப்பர்மேன். அடுத்த அரை மணியில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். அதுவும் கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி.

ஆக, ட்யூப்புக்கு வேண்டியது குட்டையான, அகலமான ஃபின். ரொம்ப விறைப்பும் கூடாது, தொளதொளப்பும் கூடாது.

இடையில் ஒரு கதை. நூறு டாலர் நோட்டில் இருக்கிறாரே, பெஞ்சமின் ஃபிராங்க்ளின்... மின்னலுக்குப் பட்டம் விட்ட அதே ஆசாமி. சின்ன வயசில் அவர் நீச்சல் பைத்தியம். ஓவியர்கள் வண்ணம் குழைக்கும் பலகை போல ரெண்டு மரப்பலகை செய்து, கட்டைவிரல் நுழைய ஓட்டை போட்டு, கையில் மாட்டிக்கொண்டு நீந்தினாராம். நீளம் 10 அங்குலம், அகலம் 6 அங்குலம். வேகம் வந்தது, மணிக்கட்டு போனது. காலுக்கும் செருப்பு மாதிரி ஒன்றைக் கட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. காரணத்தையும் அவரே கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார். காலை உதைக்கும்போது உள்ளங்கால் மட்டும் தண்ணீரைத் தள்ளுவதில்லை, பாதத்தின் உள்பக்கமும் கணுக்காலும் சேர்ந்துதான் தள்ளுகின்றன. வெறும் உள்ளங்காலில் பலகையைக் கட்டிப் பிரயோஜனம் இல்லை என்று.

அதற்கப்புறம் ரப்பர் ஃபின் வர இருநூறு வருஷம் ஆனது. 1933-ல் லூயி த கோர்லியூ என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் அதைப் பிரபலமாக்கியவர் ஓவன் சர்ச்சில். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். இரண்டாம் உலகப்போரில் கடற்படைத் தவளை மனிதர்கள் அவருடைய ஃபின்னைத்தான் மாட்டிக்கொண்டு குதித்தார்கள். ஆனால் இவை எல்லாமே நீந்துகிறவனுக்குச் செய்தவை. உட்கார்ந்திருப்பவனுக்கு அல்ல. ஃபிராங்க்ளின் எழுதிய குறை உங்களுக்கு இன்றைக்கும் பொருந்தும். ஃபின் உங்க கணுக்காலோடு ஒன்றாக அசைய வேண்டும். உள்ளே கால் ஆடினால், பாதி உதை ஆட்டத்திலேயே வீணாகிவிடும்.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

முதலாவது, கடற்கரைக் கடைகளில் தொங்குமே, ஷூ மாதிரி முழுப் பாதத்தையும் மூடுகிற ஃபின். வெறுங்காலுக்கானது. விலை குறைவு என்று ஆசைப்படாதீங்க. பூட்ஸோடு உங்க கால் அதற்குள் நுழையாது. அடுத்த கடை.

இரண்டாவது, ஸ்கூபா டைவர்கள் போடுகிற ஃபின். முன்பாதத்துக்கு ஒரு பை, குதிகாலில் இழுத்து மாட்ட ஒரு வார். பை அகலமாக இருந்தால் இது நன்றாகவே வேலை செய்யும். செகண்ட் ஹேண்டில் சுலபமாகவும் கிடைக்கும். டைவர்கள் பாதி அளவுக்கு வெட்டினாற்போல ஒரு குட்டை மாடல் வரும். அதுதான் உங்களுக்கு. நீளமானதை விட்டுவிடுங்க. நடுவில் பிளந்து ரெட்டை வாலாக இருப்பதும் உண்டு. உதைப்பது லேசு, காற்றில் உந்துதல் போதவில்லை என்பவர்கள் உண்டு. ருசி அவரவர் பாடு.

மூன்றாவது, ட்யூப்புக்கென்றே செய்யும் பிளாஸ்டிக் சட்டம். அப்படியே பூட்ஸோடு ஏறி நின்று, மேலே ரெண்டு பட்டையை இறுக்க வேண்டியதுதான். எந்த பூட்ஸும் பொருந்தும், நண்பர்கள் மாற்றி மாற்றிப் போடலாம். ஹாஸ்டல் பொருளாதாரத்துக்கு ரொம்ப வசதி. சிலவற்றில் கீல் வைத்திருப்பார்கள், கரையில் நடக்கும்போது முன்பகுதி மேலே மடங்கும். கெட்ட செய்தி என்னவென்றால், நீங்கள் உதைக்கும்போது எடை முழுக்கப் புறங்காலில் அந்தப் பட்டை மேல்தான் விழும். பட்டை மெல்லிசாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் ‘ஐயோ அம்மா’. பக்கிளும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். அகலமான பட்டையாகப் பார்த்து வாங்குங்க.

நான்காவது, பாலியூரிதேனில் வார்த்த குட்டை ஃபின். நுனி மேல்நோக்கி வளைந்து, நடுவில் வெட்டி, மீன் வால் மாதிரி இருக்கும். ஃபோர்ஸ் ஃபின் என்பது இதில் பெயர்பெற்றது. உட்கார்ந்து உதைக்கும் கோணத்துக்கு அந்த வளைவு நன்றாக ஒத்துப்போகிறது, கணுக்காலுக்குச் சுமை குறைவு. விலையைக் கேட்டால் கணுக்காலில் அல்ல, நெஞ்சில் வலிக்கும். பழசு கிடைத்தால் விடாதீங்க.

என்னைக் கேட்டால்? முதல் வருஷம் மூன்றாவது வகை, இல்லையென்றால் குட்டை டைவிங் ஃபின். எவ்வளவு வேகம் என்பதைவிடக் கழன்று விழுமா, விழாதா என்பதற்குத்தான் என் ஓட்டு.

ஆனால் பாருங்க, ஃபின்னை முதலில் வாங்குவதே தப்பு! எல்லாரும் செய்கிற தப்பு. பளபள ஃபின்னை வாங்கி வந்து, அப்புறம் பூட்ஸ் தேடி, அது நுழையாமல் ஒரு சைஸ் சின்ன பூட்ஸாக வாங்கி, அப்புறம் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். முதலில் சாக்ஸ், அப்புறம் வேடர், அதன் மேல் பூட்ஸ், கடைசியில் ஃபின்.

வேடர் என்றால் கண்ணப்ப நாயனார் இல்லை. தண்ணீர் புகாத, நெஞ்சு வரை வரும் பேன்ட். அதில் ரெண்டு ரகம். ஒன்றில் ரப்பர் பூட்ஸ் கூடவே ஒட்டியிருக்கும். ட்யூப்புக்கு அது வேண்டாம். கணுக்காலில் தொளதொளவென்று இருக்கும், பெரும்பாலான ஃபின்னுக்குள் நுழையாது. இன்னொன்றின் கால்பகுதி நியோப்ரீனில் சாக்ஸ் மாதிரி முடியும். அதுதான் சரி. அதன் மேல் தனியாக பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். ‘நியோப்ரீன்தான் இருக்கே, அப்படியே ஃபின் மாட்டிடலாமே’ என்று நினைக்கவே நினைக்காதீங்க. உள்ளே ஒரு சின்னக் கூழாங்கல் மாட்டினால் போதும், ஃபின் தேய்க்கத் தேய்க்க ஓட்டை விழும். அப்புறம் ஒவ்வொரு உதைக்கும் சில்லென்று ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே வரும்.

குளிரைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நீங்கள் மேலே டி-ஷர்ட்டில் வெயில் காய்ந்துகொண்டிருப்பீர்கள். கால் மட்டும் மூன்று மணி நேரமாக மலைத் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும். என்ன செய்வீர்கள்? ரெண்டு சாக்ஸை மாட்டி பூட்ஸுக்குள் திணிப்பீர்கள். அங்கேதான் சறுக்கல். இறுக்கமான பூட்ஸுக்குள் ரெண்டு சாக்ஸைவிட, தாராளமான பூட்ஸுக்குள் ஒரு சாக்ஸ்தான் சூடு. கால் சூடாக இருக்க ரத்தம் ஓட வேண்டும், சாக்ஸுக்குள் கொஞ்சம் காற்று தங்க வேண்டும். இறுக்கினால் ரெண்டும் போச்சு. பருத்தி சாக்ஸ் கூடவே கூடாது. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். கம்பளி, இல்லையென்றால் சிந்தெடிக்.

அந்த மரத்துப்போன கால்தான் உங்க என்ஜின் என்பதை மறந்துவிடாதீங்க. விரல் உணர்ச்சி இல்லாதபோது ஃபின்னின் வார் நழுவுவதுகூடத் தெரியாது.

பூட்ஸில் ரெண்டு வழி. கார் ஏரிக்கரை வரை போகுமென்றால் நியோப்ரீன் பூட்டி. ரப்பர் அடி, பக்கத்தில் ஜிப் அல்லது பட்டை, உடம்பு மெலிசு. டைவிங் ஃபின்னுக்குள் சுலபமாக நுழையும். சிலவற்றில் குதிகாலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மேடு வைத்திருப்பார்கள். அலங்காரத்துக்கு இல்லை. ஃபின்னின் வார் கீழே நழுவாமல் அதன் மேல் உட்காரும். அந்த மேடு இருக்கிற பூட்டியாகப் பார்த்து வாங்குங்க. ட்யூப்பை முதுகில் மாட்டிக்கொண்டு ரெண்டு கிலோமீட்டர் மலையேற வேண்டுமென்றால் பூட்டி தாங்காது. கயிறு கட்டும் வேடிங் ஷூ வேண்டும். கணுக்காலுக்குப் பிடிமானம் தரும். ஆனால் குண்டு. மூன்றாவது வகைச் சட்ட ஃபின்னோடுதான் ஒத்துப்போகும். ஒரு சைஸ் பெரிய பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுச் சமாளிக்கிற மாணவர்களும் உண்டு. அமைதியான ஏரி, சட்ட ஃபின், சின்ன தூரம் என்றால் ஓகே. நாடாவின் நுனியை உள்ளே சொருகிவிடுங்க. தூண்டில் நரம்பு அதில் சிக்கினால் அவிழ்க்கக் கை எட்டாது.

ஒரு சைஸ் எச்சரிக்கை. நம்ம ஊர் ஷூக்களில் பெரும்பாலும் போட்டிருப்பது பிரிட்டிஷ் நம்பர். அமெரிக்க ஆண்கள் நம்பர் அதைவிடச் சுமார் ஒன்று கூட. இங்கே 8 என்றால் அங்கே 9. பெண்களுக்கு இன்னும் குழப்பம். அமெரிக்கப் பெண்கள் நம்பர், ஆண்கள் நம்பரைவிட ஒன்றரை அல்லது ரெண்டு கூடவே ஓடும். ஃபின்னில் சின்னது, நடுத்தரம், பெரிது என்று மட்டும் போட்டிருந்தால், ‘இது வெறுங்கால் அளவா, பூட்ஸ் போட்ட அளவா?’ என்று வாய்விட்டுக் கேளுங்க.

கடையிலேயே முழு வேஷமும் போட்டுப் பாருங்க. யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சாக்ஸ், வேடர், பூட்ஸ், ஃபின். நாற்காலியில் உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் உதையுங்க. கால்விரலை ஆட்ட முடிகிறதா? புறங்காலில் எங்காவது உறுத்துகிறதா? இப்போது நண்பனை விட்டு ஃபின்னின் நுனியைப் பிடித்து இழுக்கவும், திருகவும் சொல்லுங்க. குதிகால் நழுவினால் அது வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் ரப்பர் வாரை வளைத்துப் பாருங்க. மெல்லிய வெடிப்பு தெரிந்தால் வாரை மாற்றாமல் தண்ணீரில் இறங்காதீங்க. ஃபின்னை ஒரு வாளித் தண்ணீரில் போட்டும் பாருங்க. சிலது மிதக்கும். சிலது கல் மாதிரி போய்விடும்.

மூழ்குகிற ரகமோ, மிதக்கிற ரகமோ, கணுக்காலுக்கும் ஃபின்னுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டுங்க. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். கடையில் விற்கிற பட்டையும் இருக்கிறது. இல்லாவிட்டால் உறுதியான நைலான் கயிறு போதும். சேற்றில் கால் புதைந்து இழுக்கும்போது ஃபின் சேற்றோடு தங்கிவிடும். பக்கிள் அலையில் கழலும். ஒரு ஃபின் போய்விட்டால் மிச்ச ஒன்றை உதைக்க உதைக்க நீங்கள் செக்கு மாடு மாதிரி சுற்றுவீர்கள். எதிர்ப்பக்கத்துக் கையால் தண்ணீரை வழித்து வழித்துத்தான் நேராக்க வேண்டும். எதிர்க்காற்றில் அதைச் செய்வது எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணிக்கொள்ளுங்க. கயிறு இருந்தால் தொங்குகிற ஃபின்னை இழுத்துத் திரும்ப மாட்டலாம். உதிரி வார் ஒன்று பாக்கெட்டில் இருக்கட்டும்.

இறங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து ஃபின்னை மாட்டுங்க. எழுந்து பின்னால் நடந்தே தண்ணீருக்குள் போங்க. முன்னால் நடந்தால் ஃபின்னின் நுனி தரையில் மடங்கி, மூக்கு உடையும். வெளியே வரும்போதும் பின்பக்கமாகத்தான். ஆழமில்லாத இடம் வரும்வரை ஃபின்னைக் கழற்றாதீங்க.

கிளம்பும்போது காற்றை எதிர்த்துப் போங்க. களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். தலைகீழாகச் செய்தவர்கள், போகும்போது ‘அட, என்னமா போகுது!’ என்று ரசித்துவிட்டு, திரும்பும்போது அழுவார்கள். ஃப்ளோட் ட்யூப்பின் வேகம் ஆற அமர நடப்பதைவிடக் குறைவு. பலமான காற்று எதிரே வந்தால் எந்தக் கால், எந்த ஃபின் இருந்தாலும் ஜெயிக்காது. அப்போது காற்றோடு சண்டை போடாமல், அது தள்ளுகிற பக்கத்துக் கரைக்குச் சாய்வாக ஒதுங்கி, காருக்கு நடந்து வாங்க. பூட்ஸுக்கு நல்ல அடி இருக்கவேண்டியது அந்த நடைக்காகவும்தான். ஆறு மட்டும் கூடவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் தொங்குகிற காலும் ஃபின்னும் பாறையிலோ மரக்கிளையிலோ மாட்டினால், மேலே வருகிற தண்ணீர் உங்களை அமுக்கிவிடும். லைஃப் ஜாக்கெட் ஏரியிலும் போடணும். ‘ட்யூப்தான் மிதக்குதே’ என்பவனுக்கு, ட்யூப் பஞ்சராகும் என்பதை ஞாபகப்படுத்துங்க.

கால் பிடித்துக்கொண்டால் பதறாதீங்க. அந்தக் காலை நீட்டி, ஃபின்னின் நுனி கைக்கு எட்டினால் உங்க பக்கம் இழுங்க. டைவர்களின் பழைய வைத்தியம். எட்டாவிட்டால் அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து மற்றக் காலால் மெதுவாக. ‘வேடருக்குள்ள தண்ணி பூந்தா அப்படியே அடியில இழுத்துட்டுப் போயிடும்’ என்று யாராவது பயமுறுத்துவார்கள். அது கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது, ஆர்க்கிமிடிஸ் தாத்தா சொன்னதுதான். உண்மையான ஆபத்து குளிர். அப்புறம், கரையேறும்போது அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே புகுவது குறையும்.

கடைசியாக பூட்ஸின் அடி. பழைய மீனவர்கள் ஃபெல்ட் என்று ஒன்றை சிபாரிசு செய்வார்கள். கம்பளி அமுக்கிச் செய்த மாதிரி ஓர் அடி. பாசிப் பாறையில் வழுக்காது என்பது உண்மை. ஆனால் ட்யூப்காரருக்கு ஆற்றுப் பாறை எதற்கு? ஏரியில் இருப்பது சேறும் மணலும். சேற்றில் ஃபெல்ட் வழுக்கும். அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று இருக்கிறது. ஃபெல்ட் காய நாளாகும், அந்த ஈரத்தில் வேண்டாத உயிரெல்லாம் ஒளிந்துகொண்டு அடுத்த ஏரிக்குப் பயணம் போகும். நியூசிலாந்தில் 2004-ல் டிடிமோ என்ற பாசியைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றுப் பாறை முழுக்கச் சளி அப்பினாற்போல வளரும், பட்டப்பெயரே ‘பாறைச் சளி’. 2008-ல் அங்கே ஃபெல்ட் அடிக்குத் தடை போட்டார்கள். ஹெப்கென்னுக்குப் பக்கத்திலேயே இருக்கும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் 2018-ல் தடை செய்தது. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஹெப்கென்னுக்குத் தண்ணீர் தருகிற மேடிசன் ஆற்றில், பூங்காவுக்குள், 1994-லேயே நியூசிலாந்துச் சேற்று நத்தை வந்துவிட்டது. அரிசி மணி அளவுகூட இருக்காது. அமெரிக்காவில் பரவியிருப்பவை ஆண் துணையே இல்லாமல் குட்டி போடுகிற பெண் நத்தைகள். உங்க பூட்ஸ் மடிப்பில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டு போனால் போதும், ஓர் ஏரிக்கு வம்சம் ரெடி.

அதனால் ரப்பர் அடி. ஏரியை விட்டுக் கிளம்புவதற்கு முன் பூட்ஸ், ஃபின், கயிறு எல்லாவற்றிலும் சேறும் களையும் போகத் தேய்த்துக் கழுவி, வீட்டில் முழுசாகக் காய வையுங்க. ஃபின்னின் பைக்குள்ளும் விரலை விட்டுத் துடையுங்க, சேறு தங்குவது அங்கேதான். அவசரத்துக்கு பூட்டியைத் துணி உலர்த்தும் மெஷினில் போட்டுவிடாதீங்க. நியோப்ரீன் சுருங்கும், ஒட்டுப் பிரியும். பால்கனியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும். மூன்று நாள் ஒரு வாசனை வரும்... ரூம்மேட் கேட்டால், மீன் குழம்பு வைக்கும்போது மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேளுங்க.

அடுத்த வாரம், தூண்டில் கழிக்கு வருவோம்.